ஐப்பசி வானத்துக்கு எது தோது: பில்டரா, மூன்று பிரேமா, ஒற்றை ரோவா?

வெளிநாட்டுப் படக்காரர்கள் இலையுதிர்காலம் என்று கொண்டாடுகிற ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் திருகோணமலையில் எந்த மரமும் சிவப்பதில்லை. இங்கே அது மழை திரும்பும் காலம். மாதக்கணக்காக அடித்த கச்சான் காற்று ஓய்ந்திருக்கும். வாடை இன்னும் முழுதாக எழும்பியிருக்காது. விடியும்போது கடல்மேல் வெளித்திருக்கும், மத்தியானம் தாண்டினால் கந்தளாய்ப் பக்கம் முகில் அடுக்கடுக்காக ஏறும், பின்னேரம் இடியும் மின்னலுமாகக் கரைப்பக்கம் வரும். ஆடி ஆவணியில் வெளிறிக் கிடந்த அதே வானம் இந்த இரண்டு மாதமும் மணிக்கொரு முகம் காட்டும். தம்பலகாமத்துப் பக்கம் பெரும்போக வேலை தொடங்கி வயல்களில் தண்ணீர் நிற்பதால், வானம் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டாகத் தெரியும்.

கண்ணால் பார்க்கும்போது வானமும் தெரிகிறது, கரையும் தெரிகிறது. கமராவில் எடுத்தால்தான் சிக்கல். ஒன்று வானம் வெள்ளைத் தாளாகிவிடும், இல்லாவிட்டால் வானத்தைக் காப்பாற்றப் போய்க் கரை கரியாகிவிடும். இதற்கு நாலு வைத்தியம் சொல்வார்கள். லென்ஸுக்கு முன்னால் மேற்பாதி மட்டும் கறுத்த பில்டர் கண்ணாடியைப் போடுவது. வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் மூன்று பிரேம் எடுத்து வீட்டில் இணைப்பது. வானத்துக்கு அளந்து ஒரே ஒரு ரோ கோப்பு, அதாவது கமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு, எடுத்து, இருண்ட பகுதியைக் கணினியில் தூக்குவது. கடைசியாக, கிடைத்த வானத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு வானம் ஒட்டுவது.

எதில் காசையும் நேரத்தையும் போடுவது என்று கேட்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பெரும்பாலான நாட்களுக்கு ஒற்றை ரோ போதும். சூரியனை நேரே பார்த்து எடுக்கும் விடியற்காலைக்கு மூன்று பிரேம். பில்டர் ஒரு குறிப்பிட்ட வகைப் படத்துக்கு மட்டும். நாலாவது வேண்டாம். ஆனால் இந்தத் தீர்ப்பு கருவியைப் பார்த்துச் சொன்னது அல்ல. நீங்கள் எந்தக் கரையில், எந்தத் திசை பார்த்து நிற்கிறீர்கள் என்பதைப் பார்த்துச் சொன்னது.

முதலில் திசை

கிழக்குக் கரை என்பதால் எல்லோரும் விடியற்காலைக்குத்தான் அலாரம் வைக்கிறார்கள். நவம்பர் தொடக்கத்தில் இங்கே சூரியன் காலை 6 மணிக்குச் சற்று முன் எழும், மாலை 5.45 அளவில் மறையும். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருப்பதால் அது கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும். அடிவானத்திலிருந்து 6 பாகை ஏற 25 நிமிடம் போதும். பொன்னிற வெளிச்சம் என்று இணையத்தில் பாடம் நடத்துகிறவர்கள் பலர் ஸ்கொட்லாந்திலோ நோர்வேயிலோ நிற்கிறார்கள். அங்கே ஒக்டோபர் கடைசியில் சூரியன் நாள் முழுக்கத் தாழ்ந்தே திரியும், நின்று நிதானித்து எடுக்கலாம். இங்கே ட்ரைபொட்டை விரித்து, பில்டர் பிடியை மாட்டி, கோணம் சரிபார்த்து நிமிர்வதற்குள் வெளிச்சம் வெள்ளையாகிவிடும். வழிகளை ஒப்பிடும்போது நேரமும் ஒரு கணக்கு என்பதை மறக்கக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் சூரியன் நேர்கிழக்கில் எழுவதில்லை, தெற்கே சாய்ந்து எழும். அதனால் நகரத்துக்கும் உப்புவெளிக்கும் இடைப்பட்ட கரையில் சரியான இடம் பார்த்து நின்றால், கோணேசர் கோயில் நிற்கிற பாறையான சுவாமிமலைப் பக்கமாகவே சூரியன் வரும். மலையும் கோணேசர் கோயிலும் கறுத்த உருவமாக நிற்க, பின்னால் முகில் தீப்பிடித்த மாதிரி இருக்கும். எல்லோருக்கும் தெரிந்த படம். எடுப்பதற்கு மிகக் கஷ்டமான படமும் அதுதான், ஏனென்றால் காட்சியின் மிகப் பிரகாசமான இடமும் மிக இருண்ட இடமும் அடுத்தடுத்து இருக்கின்றன.

அதே இடத்தில் பின்னேரம் நின்று பாருங்கள். உள்நாட்டில் கட்டிய இடிமுகில் மழையைக் கொட்டிவிட்டுக் கடல்மேல் தள்ளிப் போயிருக்கும். மேற்கில் சிறு இடைவெளி திறந்தால் சாயும் வெயில் உங்கள் முதுகுப்பக்கமாக வந்து சுவாமிமலையில் விழும். பாறை மஞ்சளாக ஒளிர, பின்னால் வானம் சிலேட் நிறத்தில் கறுத்து நிற்கும். மழை இன்னும் தூறிக்கொண்டிருந்தால் வானவில்லின் தென்கால் அந்த மலைப் பக்கமாகத்தான் இறங்கும். நவம்பரில் சூரியன் மறையும் திசை அப்படி அமைகிறது. இந்தக் காட்சியில் வானம் தரையைவிட இருண்டது. பில்டரும் தேவையில்லை, மூன்று பிரேமும் தேவையில்லை. காட்சி முழுவதும் ஏழெட்டு ஸ்டொப்புக்குள் அடங்கிவிடும் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). இன்றைய எந்தக் கமராவும் அதை ஒரே தடவையில் விழுங்கும்.

மாலை என்றால் உட்துறைமுகப் பக்கம் சூரியன் மறைவதை எடுக்கத்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். திரும்பிக் கிழக்கே பார்க்கிறவர்கள் குறைவு. காசில்லாத வழி அது, அதனால்தான் யாரும் அதைப் பற்றிக் காணொளி போடுவதில்லையோ என்னவோ.

ஒரு எச்சரிக்கை. பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, துறைமுகப் பகுதியில் கடற்படை இருக்கிறது. வேலிக்கு உள்ளே லென்ஸை நீட்ட வேண்டாம், ட்ரோன் என்றால் அனுமதி இல்லாமல் பையிலிருந்தே எடுக்க வேண்டாம். கோட்டையில் திரியும் புள்ளிமான்களை எடுக்க யாரும் தடை சொல்ல மாட்டார்கள், ஆனால் அவை வானத்துக்காகக் காத்து நிற்பதில்லை.

பில்டர்: நேர்க்கோட்டுக்கு மட்டும்

மேற்பாதி கறுத்து, கீழே வரவரத் தெளிகிற இந்தக் கண்ணாடியை கிராட் பில்டர் என்பார்கள். 0.6 என்று எழுதியிருந்தால் இரண்டு ஸ்டொப் குறைக்கும், 0.9 என்றால் மூன்று. கறுப்பு சட்டென்று முடிவது ஒரு வகை, மெல்ல மங்கி முடிவது இன்னொரு வகை. விடியற்காலைக்கென்றே நடுக்கோட்டில் கறுப்பு அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்கிற தலைகீழ் வகையும் உண்டு.

நிலாவெளியில் வெறும் கடல், வெறும் அடிவானம் என்றால் சட்டென்று முடியும் வகை கச்சிதமாக உட்காரும். உப்புவெளிக் கரையில் சுவாமிமலையைப் பிரேமுக்குள் கொண்டுவந்தவுடன் அதன் வேலை முடிந்தது. நூறு மீற்றருக்கு மேல் எழும்பி நிற்கிற பாறை அந்தக் கோட்டை வெட்டிக்கொண்டு மேலே போகிறது. கோட்டுக்கு மேலுள்ள பாறையும் கோயிலும் இரட்டிப்பாகக் கறுக்கும். கணினியில் அதைத் தூக்கலாம்தான், ஆனால் தூக்குவதற்கென்றே கறுப்பாக்குவானேன்? பனையும் தென்னையும் நிற்கிற கரையிலும் இதே கதை: அடி வெளிச்சமாக, தலை இருட்டாக, மரம் பாதியில் நிறம் மாறி நிற்கும்.

தம்பலகாமத்து வயலில் வேறொரு வில்லங்கம். தண்ணீரில் தெரியும் வானம் எப்போதும் மேலே இருக்கும் வானத்தைவிடக் கொஞ்சம் இருண்டிருக்கும். தண்ணீர் தன்மேல் விழும் ஒளி முழுவதையும் திருப்பி அனுப்புவதில்லை, ஒரு பங்கை உள்ளே விட்டுவிடுகிறது. மூன்று ஸ்டொப் பில்டர் போட்டு மேல்வானத்தைக் கறுப்பாக்கினால், வயலில் தெரியும் வானம் உண்மை வானத்தைவிடப் பளிச்சென்று நிற்கும். பார்க்கிறவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் படம் பொய் சொல்கிறது என்று உடனே தெரிந்துவிடும். நீர் நிற்கிற எந்தக் காட்சிக்கும் இரண்டு ஸ்டொப்புக்கு மேல் நான் போக மாட்டேன். இது கணினியில் செய்யும் கறுப்பாக்கலுக்கும் பொருந்தும்.

அப்புறம் உப்பு. கடற்காற்று அடிக்கிற கரையில் பில்டர்தான் முதலில் பூக்கும். முதலில் கண்ணுக்கே தெரியாது. சூரியன் பிரேமுக்குள் வந்து, லென்ஸின் ஒளித் துவாரத்தை எப்16 என்ற சிறிய அளவு வரை சுருக்கியபின் பார்த்தால் வானம் முழுக்க வட்ட வட்டமாக மங்கல் திட்டுகள். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பு இழுபட்டு நீளக் கீறாகப் படிந்து, வெயில் பட்ட இடத்தில் பால் மாதிரி ஒரு படலம் விரியும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை, பிறகு உலர் துணியால் ஒருமுறை என்று இரண்டாகத் துடைக்க வேண்டும். அந்த 25 நிமிட வெளிச்சத்தில் இதற்கும் நேரம் போகிறது.

இவ்வளவு சொன்னாலும் பில்டருக்கு ஓர் இடம் உண்டு. ஷட்டரைப் பல செக்கன் திறந்து வைத்து அலையைப் பட்டுத்துணி போல வழுவழுப்பாக்கும் நீண்ட எக்ஸ்போஷர் படங்களுக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பத்து ஸ்டொப் கண்ணாடி போட்டால் ஒரு செக்கனில் அறுபதில் ஒரு பங்கு பதினாறு, பதினேழு செக்கனாகும். அப்படி எடுக்கும்போது மூன்று பிரேம் வழி சரிவராது. ஒவ்வொரு பிரேமும் வேறு வேறு நீளம், முகில் ஒவ்வொன்றிலும் வேறு அளவுக்கு இழுபட்டிருக்கும். அங்கே ஒரே எக்ஸ்போஷரில் வானத்தை அடக்க கிராட் பில்டர்தான் சுத்தமான வழி. அந்தப் பாணி பிடித்தவர்கள் வாங்கலாம். எனக்கு அந்தப் பட்டுக் கடல் அலுத்துவிட்டது. வாடை தொடங்கும்போது நம் கடல் கரடுமுரடாக இருப்பதுதான் அழகு.

மினுக்கத்தைக் குறைத்து நீலத்தைக் கறுப்பாக்கும் போலரைஸர் பில்டர் பற்றியும் கேட்பார்கள். சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கிற வானத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். அகல லென்ஸில் போட்டால் வானத்தின் ஒரு துண்டு மட்டும் கறுத்து மற்றது வெளுத்து நிற்கும். மழை நனைத்த இலையின் மினுக்கத்தைக் குறைக்க நல்லது. வானத்துக்கென்று வாங்க வேண்டாம்.

மூன்று பிரேம்: சூரியனைப் பார்த்து நிற்கும்போது

சுவாமிமலைக்குப் பக்கத்தில் சூரியன் எழும் அந்தப் படத்துக்கு வருவோம். முழுச் சட்டகச் சென்சார் (ஒளியைப் பதியும் பெரிய சில்லு) உள்ள கமரா, ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100 இல் ஏறக்குறைய 14 ஸ்டொப் வரை பதியும் என்பார்கள். தாளில் அது சரி. ஆனால் கீழே உள்ள கடைசி இரண்டு, மூன்று ஸ்டொப் மணல்மணலாக இருக்கும், பெரிதாக அச்சடித்தால் தெரியும். சூரியனை ஒட்டிய முகிலையும் பாறையின் நிழற்பக்கத்தையும் ஒரே பிரேமில் சுத்தமாக எடுப்பது நடக்காது. பாறை வெறும் கறுப்பு உருவமாக இருந்தால் போதும் என்றால் ஒரு பிரேம் போதும். பாறையின் வெடிப்பும் மேலே கோயிலின் நிறமும் தெரிய வேண்டும் என்றால் மூன்று எடுங்கள்: சரியான அளவு ஒன்று, இரண்டு ஸ்டொப் குறைத்து ஒன்று, இரண்டு ஸ்டொப் கூட்டி ஒன்று. துவாரத்தையும் ஐஎஸ்ஓவையும் தொடாமல் ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்ற வேண்டும். பெரும்பாலான கமராக்களில் இதைத் தானாகச் செய்யும் வசதி இருக்கிறது; இரண்டு செக்கன் டைமரையும் சேர்த்துப் போட்டால் கை படாமல் மூன்றும் விழும்.

கடலோரத்தில் இதற்கு இரண்டு எதிரி. ஒன்று அலை. மூன்று பிரேமிலும் அலை மூன்று இடத்தில் இருக்கும். மென்பொருள் மூன்றையும் கலந்தால் நுரை இரட்டை இரட்டையாக, பேய் மாதிரித் தெரியும். கடலுக்கு மட்டும் ஒரே பிரேமைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் அதற்கான தெரிவு இருக்கிறது, ஒரு பகுதியை மட்டும் தெரிந்தெடுக்கும் மாஸ்க்கைக் கையால் போட்டும் செய்யலாம். இரண்டாவது எதிரி தென்னோலை. காற்றில் ஆடுகிற ஓலைக்கு எந்த மென்பொருளும் முழுதாக ஈடுகொடுக்காது. பிரேமின் மேல் மூலையில் ஓலை தொங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மூன்று பிரேம் வழியை மறந்துவிடலாம்.

இன்னொன்று உண்டு, அதைக் கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டும். இணைத்த படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மலையின் விளிம்பும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். தானியங்கியாக இணைத்த படங்களில் அந்தக் கோட்டை ஒட்டி ஒரு வெள்ளைக் கரை ஓடும். மரக்கிளைகளுக்கு இடையே வானம் தெரியும் இடங்கள் சாம்பலாகிவிடும். கோயிலின் மேல்விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் நிற்கும். பக்தருக்கு அது பிடிக்கலாம், படக்காரருக்குப் பிடிக்கக் கூடாது. கட்டாயம் தானியங்கிதான் வேண்டும் என்றால், பிரகாசத்தை மாற்றி மாற்றிப் பிழியும் எச்டிஆர் மென்பொருளைவிட, ஒவ்வொரு பிரேமிலிருந்தும் நன்றாகப் பதிந்த பகுதியை மட்டும் எடுத்துக் கலக்கும் என்பியூஸ் முறை இயல்பாக இருக்கும். ஹியூகின் என்ற இலவச மென்பொருளோடு அது வருகிறது.

ஒற்றை ரோ: எனக்குப் பிடித்த சோம்பேறி வழி

அன்சல் ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் படக்காரர் 1941 நவம்பர் 1 மாலை நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டெஸ் என்ற சிற்றூரில் நிலவு எழும் படத்தை எடுத்தார். அவசரத்தில் லைட் மீற்றர் கையில் கிடைக்கவில்லை. நிலவின் பிரகாசம் எவ்வளவு என்பது மனப்பாடம் என்பதால் அதை வைத்தே கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தகட்டைத் திருப்புவதற்குள் கல்லறைச் சிலுவைகளில் பட்ட வெயில் போய்விட்டது. கிடைத்தது ஒரே நெகடிவ். மிச்ச வேலை இருட்டறையில். ஆரம்பகால அச்சுகளில் வானத்தில் மெல்லிய முகில் கீற்றுகள் தெரியும். பிற்கால அச்சுகளில் வானம் ஏறக்குறையக் கறுப்பு.

ஒற்றை ரோ வழி இதுதான். பிரேமில் எது மிகப் பிரகாசமோ அதற்கு அளந்து எடு, மற்றதைப் பிறகு பார். முகிலின் வெள்ளை விளிம்பு எரிந்துபோகாத அளவுக்கு, ஆனால் அதற்குமேல் ஒரு துளியும் இருட்டாக்காமல் எடுக்க வேண்டும். பயந்து பயந்து இரண்டு ஸ்டொப் குறைத்து எடுக்கிறவர்கள்தான் பிறகு நிழலைத் தூக்கி, மணலைப் பார்த்துக் கமராவைத் திட்டுகிறார்கள். ரோ கோப்பில் எண்கள் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. 14 பிட் கோப்பில் இருக்கிற 16,384 படிகளில் பாதி, அதாவது 8,192, மிகப் பிரகாசமான ஒரே ஒரு ஸ்டொப்புக்குப் போகிறது. கீழே போகப் போக ஒவ்வொரு ஸ்டொப்பும் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வரும். ஆகவே ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டை இடப்பக்கமும் பிரகாசத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம், வலப்பக்கச் சுவரைத் தொடப் போகும்போது நிறுத்துவதுதான் லாபம்.

கமரா காட்டும் ஹிஸ்டோகிராம் ஜேபெக் படத்தை வைத்துப் போட்டது, ரோவில் அதைவிடக் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். அதனால் முகில் ஓரத்தில், எரிந்த இடத்தைக் காட்டும் எச்சரிக்கை லேசாக மினுங்கினால் பதற வேண்டாம். ஆனால் விடியற்காலையில் சிவப்பு நிறத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். மொத்தக் கோடு நல்லாயிருக்கும்போதே சிவப்பு மட்டும் சுவரில் மோதி நிற்கும், பிறகு அந்த முகில் எந்த வித்தை செய்தாலும் தட்டையான செம்மஞ்சள் பூச்சாகவே இருக்கும்.

ட்ரைபொட் இல்லாமல், கையில் பிடித்தே எடுக்கலாம் என்பது இங்கே சின்ன விஷயமில்லை. ஒக்டோபர், நவம்பர் இலங்கையில் மின்னல் அதிகமாக விழும் மாதங்கள். வெறுங்கரையில் உலோகக் காலை விரித்து வைத்து, பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிற மனிதர்தான் சுற்றுவட்டத்தில் உயரமான பொருள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 செக்கனுக்குக் குறைந்துவிட்டால் படத்தை விட்டுவிட்டு ஏதாவது கட்டிடத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போய்விட வேண்டும். ஒற்றை ரோக்காரர் போய்விடுவார். பில்டர்காரர் இன்னும் கழற்றிக்கொண்டிருப்பார்.

அகலமா, தொலைவா

வானம் பெரிது என்பதற்காக எல்லோரும் 16 மில்லிமீற்றர் லென்ஸைத்தான் மாட்டுகிறார்கள். முகிலின் முழு வடிவம், குறிப்பாக இடிமுகிலின் மேல்தட்டு பட்டறைக்கல் மாதிரி விரிகிற உருவம், வேண்டும் என்றால் அது சரி. ஆனால் உப்புவெளியிலிருந்து மூன்று, நாலு கிலோமீற்றர் தள்ளி நிற்கிற சுவாமிமலை அந்த லென்ஸில் கடுகளவாகிவிடும். அப்போது முன்னால் ஏதாவது கனமாக வேண்டும்: கரையேற்றி வைத்த வள்ளம், அதன் கயிறு, வானத்தை வாங்கிக்கொண்ட ஈர மணல். வள்ளத்தின் மூக்கு அடிவானத்தை வெட்டக் கூடாது, ஒரு அடி உயரமாகப் பிடித்தாலே சரியாகிவிடும்.

70 முதல் 200 வரை போகும் லென்ஸில் கதையே வேறு. தூரத்தில் கடல்மேல் தொங்குகிற மழைத்திரை மலைக்குப் பின்னால் நெருக்கமாக வந்து நிற்கும். வானத்தில் ஒரு துண்டைத்தான் எடுக்கிறோம் என்பதால் பிரகாச வித்தியாசமும் குறைவு, ஒற்றை ரோவுக்கு இன்னும் தோது. இருப்பதில் ஒன்றைத்தான் கொண்டுபோகலாம் என்றால் மழைக்காலப் பின்னேரத்துக்கு நான் இதைத்தான் எடுப்பேன். 2009 இல் திறந்த கிண்ணியாப் பாலத்துக்கு மட்டும் அகல லென்ஸ். கிட்டத்தட்ட 400 மீற்றர் நீளமான அந்தக் கோடு முகிலுக்குள் ஓடிப் போய் முடிகிற மாதிரி வைக்க வேறு வழியில்லை.

அடிவானத்தை எங்கே வைப்பது என்று நிறையப் பேர் விதி சொல்வார்கள். வானத்தில் விஷயம் இருந்தால் அதற்கு முக்கால் பங்கு கொடுங்கள். விஷயம் இல்லாவிட்டால் அடிவானத்தை மேலே ஏற்றி வானத்தைக் குறையுங்கள். பாதிக்குப் பாதி வைப்பது வயலில் தண்ணீர் நிற்கும்போது மட்டும் சரிவரும்.

வேறு வானம் ஒட்டுவது

இது புதுப் பாவம் இல்லை. பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே 1850களிலேயே கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் என்று எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்தார். அந்தக் காலத் தகடு நீல ஒளிக்கு அளவுக்கு மிஞ்சிக் கூசும், கடலுக்கு அளந்தால் வானம் எரிந்துவிடும். நமது பிரச்சினையேதான். ஒரே முகில் நெகடிவை ஒன்றுக்கு மேற்பட்ட கடலுக்கும் அவர் பயன்படுத்தியிருக்கிறார். இன்றைக்கு லூமினார் மென்பொருள் 2019ஆம் ஆண்டு முதலும் போட்டோஷொப் 2020ஆம் ஆண்டு முதலும் இதை ஒரு சொடுக்கில் செய்கின்றன.

நான் வேண்டாம் என்பது ஒழுக்கத்துக்காக மட்டும் இல்லை. போட்டிக்கோ செய்திக்கோ அனுப்பினால் தகுதியிழப்பு என்பது ஒரு பக்கம். மறுபக்கம், அது பெரும்பாலும் நன்றாக அமைவதில்லை. ஒட்டிய வானத்தில் சூரியன் இடப்பக்கம், கரையில் நிற்கும் வள்ளத்தின் நிழலும் இடப்பக்கம். கடலில் ஒட்டாத பழைய வானத்தின் நிறம். திருகோணமலைக்காரர் ஒருவர் பார்த்தால், பங்குனி மாதத்துக் கடல்மேல் ஐப்பசி முகில் எப்படி வந்தது என்று முதல் பார்வையிலேயே கேட்டுவிடுவார். கலியாண ஆல்பத்துக்குச் செய்கிறவர்கள் செய்யட்டும், வாடிக்கையாளர் கேட்டால் என்ன செய்வது.

கணினியில் எவ்வளவு

உப்புவெளிப் பக்கம் மழை விட்ட பின்னேரத்தில் எடுத்த ஒரு ரோவை வைத்துச் சொல்கிறேன். ஐஎஸ்ஓ 100, எப்8. மலையில் வெயில், பின்னால் கறுத்த முகில். முதல் வேலை நிறவெப்பம், அதாவது படம் நீலப் பக்கமா மஞ்சள் பக்கமா என்பதைச் சரிசெய்வது. கமரா தானாக விட்டால் நீலத்தைச் சமன்செய்கிறேன் என்று முகிலைத் தவிட்டு நிறமாக்கும், நான் 5,500 கெல்வின் பக்கத்தில் கையால் வைப்பேன். பிறகு பிரகாசமான பகுதியைக் கொஞ்சம் இறக்குதல், நிழலைக் கொஞ்சம் ஏற்றுதல். வானத்துக்குத் தனி மாஸ்க். லைட்ரூமில் 2021 முதல் வானத்தைத் தானே தெரிந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அதில் அரை ஸ்டொப் இறக்கம், அதிகம் போனால் முக்கால்.

மூடுபனி நீக்கும் டீஹேஸ் என்ற அளவுகோலில்தான் எல்லோரும் விழுகிறார்கள். 10 வரை முகிலின் மடிப்பு தெரியும். 30 தாண்டினால் முகில் அழுக்குப் பஞ்சாகி, சென்சாரில் இருக்கிற தூசு முழுவதும் புள்ளி புள்ளியாக எழும்பி வரும். மழைமுகிலுக்கு அழகே அதன் மெல்லிய ஓரம். அதைக் கூர்மையாக்கினால் புகை மாதிரி ஆகிவிடும்.

நிறத்தில் இன்னொரு பொறி. இலையுதிர்கால முன்னமைப்புகள் என்று விற்கப்படுபவை செம்மஞ்சளைத் தூக்கி, பச்சையை மஞ்சள் பக்கம் தள்ளும்படி செய்யப்பட்டவை. மேப்பிள் இலைக்கு அது சரி. அதைத் தம்பலகாமத்து இளம்பயிரில் போட்டால் பயிர் மஞ்சள் நோய் கண்டதுபோல நிற்கும். நமது மழைக்காலத்தின் நிறம் சிலேட் வானமும் ஈரப் பச்சையும். பச்சையின் செறிவைக் கொஞ்சம் குறைத்து, பிரகாசத்தையும் சற்று இறக்கினால் போதும், வானம் தானாக முன்னுக்கு வரும்.

மாதாமாதம் வெளிநாட்டுக் காசில் சந்தா கட்ட முடியாதவர்களுக்கு டார்க்டேபிள் என்ற மென்பொருள் இருக்கிறது, முழுக்க இலவசம். பழக நாளெடுக்கும், ஒரு கிழமைக்காவது எரிச்சல் வரும். ஆனால் பிரகாசத்தை மட்டம் மட்டமாக மாற்றும் டோன் ஈக்குவலைஸர் என்ற அதன் கருவி, வானத்தை இறக்கும்போது முகிலின் உள்விவரம் தட்டையாகாமல் காக்கிறது. மலை விளிம்பில் ஒளிவட்டமும் குறைவு. பிரகாசத்தையும் நிறத்தையும் வைத்து மாஸ்க் போடவும் முடியும், நீலச் சிலேட் வானத்துக்கு அது நன்றாகப் பிடிக்கும்.

போன் மட்டும் இருந்தால்

போன் ஏற்கெனவே மூன்று பிரேம் வழியில்தான் இருக்கிறது. பொத்தானை ஒருமுறை அமுக்கினாலும் உள்ளே பல பிரேம் எடுத்து, நீங்கள் கேட்காமலே கலந்துவிடுகிறது. சிக்கல் வெளிச்சத்தில் இல்லை, அளவுக்கு மிஞ்சிக் கலப்பதில். கறுத்த முகிலையும் சாம்பலாக்கி, நிழலையும் சாம்பலாக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். வானத்தின் பிரகாசமான இடத்தில் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, முகில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கறுத்தபின் எடுங்கள். உங்கள் போனில் ரோ வசதி இருந்தால் அதைப் போட்டு, ஸ்னாப்ஸீட் செயலியில் திறந்து நிழலை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். எச்டிஆர் என்று எழுதியிருக்கிற கருவியைத் தொட வேண்டாம். போன் அதை ஏற்கெனவே ஒருமுறை போட்டுவிட்டது.